படியும் பாட்டியும்: தாளத்தோடு ஒரு தமிழ்ப் பாடம்



சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நமது காக்ஸ் டவுனைச் சேர்ந்த ஒரு சிறுமி, வாணியம்பாடியில் இருக்கும் தன் பாட்டிக்கு முதன்முதலாகத் தமிழில் ஒரு கடிதம் எழுதினாள். வயது ஒன்பது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள். கடிதம் "அன்புள்ள படிக்கு" என்று தொடங்கியிருந்தது. அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு மகனுக்குப் போன் செய்து, "என்னை வாசப்படி ஆக்கிட்டாளேடா உன் பொண்ணு" என்று வாய்விட்டுச் சிரித்தாராம். கோபம் இல்லை, பெருமைதான். ஆனால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேத்திக்கு அது பெருமையாகப் படவில்லை. அன்றோடு தமிழில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "கன்னடத்தில் எழுதினால் யாரும் சிரிப்பதில்லை" என்பது அவள் சொன்ன காரணம்.

அவள் தகப்பனார் அவளை என்னிடம் அழைத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு முன்கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன். ஆகவே இங்கே நான் எழுதுவதை நிபுணர் சொல்லாக எடுத்துக்கொள்ளாமல், செய்து பார்த்தவன் சொல்லாக எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

அந்தப் பெண் செய்தது கவனக்குறைவால் வந்த பிழை அன்று. வீட்டில் "பாட்டி" என்று சரியாகத்தான் கூப்பிடுகிறாள். ஒருநாளும் "படி" என்று கூப்பிட்டதில்லை. அவள் காதுக்கும் வாய்க்கும் வித்தியாசம் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. துணைக்கால் போட்டால் என்ன ஆகிறது, புள்ளி வைத்த எழுத்து நடுவில் வந்தால் என்ன ஆகிறது என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் அது கண்ணோடு நின்றுவிடுகிறது. நீளம் என்பது கண்ணால் பார்க்கும் விஷயமா? காதால் அளக்க வேண்டியது. காதால் அளக்கக் கருவி வேண்டும். அந்தக் கருவிதான் தாளம்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒரு மாத்திரை என்றால் எவ்வளவு நேரம் என்பதற்குத் தொல்காப்பியம் தரும் அளவு இரண்டு: ஒன்று கண் இமைக்கும் நேரம், மற்றொன்று கை நொடிக்கும் நேரம். கடிகாரம் இல்லாத காலத்தில் விரலைச் சொடுக்கித்தான் எழுத்தை அளந்திருக்கிறார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த ஒற்றெழுத்துக்கு அரை. நாம் எல்லோரும் பள்ளியில் இதை மனப்பாடம் செய்தோம். பரீட்சையில் எழுதினோம். ஒருவராவது விரலைச் சொடுக்கிப் பார்த்தோமா? நான் பார்த்ததில்லை.

இனி பாடத்துக்கு வருவோம். அரை மாத்திரையை ஓர் எண்ணிக்கையாக வைத்துக்கொண்டால் பின்னம் இல்லாமல் போய்விடும். ஒற்றுக்கு 1, குறிலுக்கு 2, நெடிலுக்கு 4. இதற்கு மிருதங்கக்காரர்களின் சொற்கட்டையே கடன் வாங்கிக்கொண்டேன். குறில் என்றால் "தக". நெடில் என்றால் "தகதிமி". ஒற்று என்றால் ஒரே ஒரு "த", அதுவும் உள்ளங்கையை அமுக்கி, சத்தம் எழும்பாமல். ஒவ்வோர் எழுத்தும் தொடங்கும் இடத்தில் ஓர் அடி, மிச்சம் வாயால்.

படம், பட்டம், பாடம் என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். படம்: 2, 2, 1, ஆக 5. பட்டம்: 2, 1, 2, 1, ஆக 6. பாடம்: 4, 2, 1, ஆக 7. மூன்று பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஒரே சமயத்தில் தட்ட ஆரம்பித்தால், படம் முதலில் முடியும், பட்டம் அடுத்து, பாடம் கடைசி. பந்தயம் மாதிரி இருக்கும். இரண்டு முறை செய்தால் போதும், துணைக்கால் என்பது அலங்காரம் இல்லை, நேரம் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

நம் கடிதக்காரப் பெண்ணுக்கும் இதையேதான் கொடுத்தேன். "படி" என்றால் 2, 2, வெறும் நான்கு; ஒரு தகதிமியோடு முடிந்துபோகிறது. "பாட்டி" என்றால் 4, 1, 2, ஆக ஏழு. தகதிமி தகிட. அவள் மேசையில் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். நடுவில் கை அமுங்கும் இடம் வந்ததும் நிறுத்தி, "இங்கேதான் புள்ளி வைக்கணுமா தாத்தா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. பேச்சில் எழுத்துகள் இப்படிக் கச்சிதமாக அளந்து வருவதில்லை. மாத்திரை என்பது ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் அளவுதான். "தாத்தா, நீங்கள் பேசும்போது நாலு எண்ணவில்லையே" என்று ஒரு பையன் மடக்கினான். உண்மைதான். வரைபடத்தில் ஓர் அளவும் களத்தில் ஓர் அளவுமாக இருப்பது எங்கள் துறையிலும் உண்டு என்று சமாளித்தேன்.

பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. கன்னடத்தில் வல்லோசைக்கு ஓர் எழுத்து, மெல்லோசைக்கு ஓர் எழுத்து என்று தனித்தனியே இருக்கிறது. அதில் பழகிய பிள்ளை தமிழில் "படம்" என்பதிலும் "பட்டம்" என்பதிலும் ஒரே டகரத்தைப் பார்த்துத் திகைத்துப் போகிறது. "எதை எப்போது எப்படிப் படிப்பது?" என்பது நியாயமான கேள்வி. விடை இரட்டிப்பதில் இருக்கிறது. உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் மென்மை, இரட்டித்து வந்தால் வன்மை. பகல், பக்கம், கதை, கத்தை, குடை, குட்டை. கை அமுங்கும் இடத்தில் ஓசை கடினப்படும். இதை விதியாகச் சொன்னால் மறந்துபோகும். அமுக்கி அடித்த கைக்கு மறப்பதில்லை.

கூடி அடிப்பதில் இருக்கும் பலத்தை நான் கற்றது பாதையில்தான். இயந்திரங்கள் பரவுவதற்கு முன்பு, தண்டவாளத்தைப் பக்கவாட்டில் நகர்த்திச் சீர்செய்ய, பத்துப் பன்னிரண்டு கேங்மேன்கள் வரிசையாக நின்று கடப்பாரையை அடியில் கொடுப்பார்கள். மேட் குரல் கொடுப்பார். அவர் சொல்லுக்கு இவர்கள் எதிர்ச்சொல். "ஐலசா" விழும் இடத்தில் அத்தனை கடப்பாரையும் ஒன்றாக அழுந்தும், பாதை அசையும். ஆளுக்கு ஆள் தனித்தனியாக நெம்பினால் நாள் முழுதும் நெம்பினாலும் அசையாது. புதிதாக வந்தவனுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. இரண்டு நாள் கூட நின்றால் தானே இடம் பிடித்துக்கொள்வான். வகுப்பில் கூச்சப்படும் பிள்ளைக்கும் இதுதான் நடக்கிறது. தனியாக எழுந்து படி என்றால் வாய் திறக்காத பெண், எட்டுப் பேரோடு சேர்ந்து தட்டும்போது உரக்கச் சொல்கிறாள். தவறாகத் தட்டினால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் காதுக்கே தெரியும், அடுத்த சுற்றில் திருத்திக்கொள்வாள். சிரிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை இப்படித்தான் கூட்டமாக, ஓசையோடு சொன்னார்கள். இன்று "மனப்பாடம்" என்றால் முகம் சுளிக்கிறோம். ஓசையை எடுத்துவிட்டு மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டதுதான் நாம் செய்த பிழை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கணக்குக்கும் இது உதவும். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி "தகிட, தகிட" என்று மூன்று மூன்றாகச் சொல்லட்டும். மற்றது "தகதிமி, தகதிமி" என்று நான்கு நான்காக. இரு அணியும் "த" வரும் இடத்தில் மட்டும் தட்ட வேண்டும். ஒன்றாகத் தொடங்கிய தட்டு பிரிந்து, முன்னே பின்னே விழுந்து, பன்னிரண்டு எண்ணி முடித்ததும் மறுபடி ஒன்றாக விழும். அந்த இடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! மீச்சிறு பொது மடங்கு என்று பிற்பாடு புத்தகத்தில் வரும்போது அவர்களுக்கு அது பழைய சிநேகிதன். ஐந்தும் ஏழும் எப்போது சந்திக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுப் பார்த்தோம். முப்பத்தைந்து வரை தடுமாறாமல் போவதற்குள் இட்லி ஆறிவிட்டது.

பின்னத்துக்கு ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, ஆக எட்டு. ஒரு தட்டுக்குள் இரண்டு சொல்லை அடக்கினால் ஒவ்வொன்றும் அரை. நான்கை அடக்கினால் கால். எட்டை அடக்கினால் அரைக்கால். பதினாறை அடக்கினால் மாகாணி, அதாவது வீசம். "ஒன் பை எய்ட்" என்று சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அரைக்கால் என்ற சொல் தெரியாது. சொல்லிக் கொடுத்தால் சிரிக்கிறார்கள். "அரை காலா, பாதி காலா?" என்று நொண்டி அடித்துக் காட்டினான் ஒருவன். அப்படியாவது நினைவில் நிற்கட்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு என் துறைக் கணக்கு ஒன்று சொல்வதுண்டு. பழைய பாதையில் 13 மீட்டருக்கு ஒரு தண்டவாள இணைப்பு. ரயில் போகும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு "டடக்". 47 விநாடியில் எத்தனை "டடக்" கேட்கிறதோ, ஏறத்தாழ அதுவே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது. ஏன் 47 என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால், பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனில் நின்று கேட்டால் அந்தத் தாளம் அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது. பாதைக்கு நல்லது. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

"இதெல்லாம் விளையாட்டு, படிப்பா?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி. மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டை தாலுகாவில் 1995ல் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திரத்து ரிஷி வேலி பள்ளிகளைப் பார்த்து வந்து தொடங்கியதுதான் "நலி கலி". மகிழ்ந்து கற்பது என்று பொருள். பாட்டு, ஆட்டம், அட்டைகள், தரையில் வட்டமாக உட்காருதல் இவற்றோடு நடக்கும் அந்த முறை பின்னர் கர்நாடகம் முழுவதும் கீழ் வகுப்புகளுக்குப் பரவியது. அதே ரிஷி வேலியைப் பார்த்துத்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் செயல்வழிக் கற்றல் வந்தது. கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2022ல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்திலும் பாடலும் பொம்மலாட்டமும் கதையும் பாடத்துக்குள்ளேயே வைக்கப்பட்டன. கடல் கடந்து பார்த்தால் ஹங்கேரியில், கோடாய் என்ற இசையறிஞரின் வழியில், 1950ல் கெச்கெமேட் என்ற ஊரில் தினமும் இசை கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஏற்பட்டது. அங்கே பிள்ளைகள் தாளத்தை "டா, டி-டி" என்று வாயால் சொல்லிப் பழகுகிறார்கள். தகதிமியைக் கையில் வைத்திருக்கும் நாம் அதை அரங்கேற்ற மேடையோடு நிறுத்திவிட்டோம்.

ஆனால் மிகையாகவும் நம்பிவிட வேண்டாம். மொசார்ட் இசையைக் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்று குறுந்தகடு விற்றார்கள், நினைவிருக்கும். 1993ல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆராய்ச்சி குழந்தைகளைப் பற்றியதே அன்று. கல்லூரி மாணவர்கள் சிலருக்கு ஒரு வகைச் சோதனையில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்த சிறு முன்னேற்றம், அவ்வளவுதான். அதை நம்பி 1998ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறந்த குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார்! சும்மா கேட்பதால் ஒன்றும் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. தட்ட வேண்டும், எண்ண வேண்டும், உடனே எழுதிப் பார்க்க வேண்டும். தாளம் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது. "பாட்டி"யின் ஏழு எண்ணிக்கைதான் "பாடம்" என்பதற்கும். எது எது என்பது வீட்டில் தமிழ் பேசினால்தான் தெரியும்.

ஆண்டுவிழாவுக்காக மாதக்கணக்கில் ஒரே நடனத்தை ஒத்திகை பார்ப்பதையும் "கலை வழிக் கல்வி" என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் பின்வரிசைப் பிள்ளை கற்பது முன்வரிசைப் பிள்ளையின் முதுகை மட்டுமே.

எந்த வாத்தியம் என்று கேட்பீர்கள். மிருதங்கம் வாங்க வேண்டாம். காலி பால்பவுடர் டப்பா, எவர்சில்வர் சம்படம், இரண்டு தேங்காய்ச் சிரட்டை போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மடித்த துண்டின் மேல் தட்டலாம், கீழ்வீட்டாரின் சிநேகம் கெடாது.

ஒரு முறை பறை இசைக்கும் இளைஞர் ஒருவர் இரண்டு ஞாயிறுகள் வந்து உதவினார். அடிக்குச்சி எது, சுண்டுக்குச்சி எது என்று காட்டினார். அது ஆடி மாதத்துச் சாரல் நேரம். தோல் தொய்ந்துபோய் "தொப் தொப்" என்றது. கொல்லையில் காகிதத்தைக் கொளுத்தி அனலில் காட்டினார். ஈரம் போகப் போகத் தோல் இறுகி ஓசை உயர்ந்ததைப் பிள்ளைகள் விரலால் சுண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அன்று தமிழோடு ஒரு விஞ்ஞானப் பாடமும் ஆயிற்று.

மறுநாள் ஒரு பிள்ளையின் தகப்பனார் வந்து, "மிருதங்கம் என்றால் சரி, இது எதற்கு சார் வீட்டுக்குள்?" என்றார். அவர் மனதில் இருந்தது சாவு வீடு. அதற்கும் பின்னால் சாதி இருந்தது, அதை இருவருமே சொல்லவில்லை. ஐந்திணைக்கும் கருப்பொருள் சொன்ன தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் வைத்திருக்கிறது என்றேன். உழுகிற நிலத்துக்கும் மேய்க்கிற நிலத்துக்கும் மலைக்கும் தனித்தனிப் பறை இருந்தது என்றேன். "பறை" என்றாலே சொல்லுதல் என்று பொருள், மலையாளத்தில் இன்றும் அப்படித்தான் என்றேன். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனதையும் சொன்னேன். அவர் முழுதும் சமாதானம் ஆனார் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் அந்தப் பிள்ளைதான் முதலில் வந்து, "இன்னைக்கு அந்த அண்ணன் வருவாரா?" என்று கேட்டது.

"பெண் பிள்ளைக்கு எதற்கு மேளதாளம்?" என்று கேட்ட ஒரு பெரியம்மாவுக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. மயிலாடுதுறையில் பிறந்து, விக்கு விநாயகராம் அவர்களின் வழியில் கடம் பயின்று, பெங்களூரில் வாழும் சுகன்யா ராம்கோபால் அவர்கள் 2014க்கான சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். பெரியம்மா அவர் வாசிப்பை டிவியில் கேட்டிருக்கிறாராம். "அது இவங்களா?" என்றார்.

இனி கடைசியாக ஒரு விஷயம். ஐகாரம் நெடில், ஆகவே நான்கு என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு பையன் "தலை" என்று தட்டிவிட்டு, "லைக்கு நாலு வரவில்லை தாத்தா, இரண்டுதான் வருகிறது" என்றான். தப்பாகத் தட்டுகிறான் என்று அதட்டப் போனேன். பிறகு நினைவு வந்தது: சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையே ஒலிக்கும். ஐகாரக் குறுக்கம். பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நான் எழுதிய அதே குறுக்கம்தான். இலக்கணம் படிக்காத எட்டு வயதுப் பையன் விரலால் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இப்போது விதிக்கு அடங்காத சொற்களைத் தேடிக்கொண்டு வருவதே அவர்கள் வேலை. சென்ற வாரம் நம் கடிதக்காரப் பெண் "எடு", "எட்டு" என்ற இரண்டையும் கொண்டுவந்தாள். கணக்குப்படி முதலாவது நான்கு, இரண்டாவது ஐந்து. ஆனால் எட்டின் கடைசி "டு" சுருக்கென்று நின்றுவிடுகிறது, ஐந்து வரவில்லை என்கிறாள். அவள் சொல்வது சரிதான், அது குற்றியலுகரம், அரை மாத்திரை. அப்படியானால் இரண்டும் நான்கு. "ரெண்டும் நாலுன்னா காதுக்கு ஏன் வேற மாதிரி கேட்குது தாத்தா?" என்றாள். வரும் ஞாயிறு சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அதற்குள் பாட்டிக்கு எழுதிக் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.